கடையில் மட்டும் ஓடும் பெட்டி

அவினாசியப்பன் அன்றைக்குக் குருவைப் பார்க்க வந்தபோது, மொபெட்டின் முன்னால், வழக்கமாகத் தேங்காய் மூட்டை உட்காருகிற இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. தூறல் விழுமோ என்று தன் துண்டை எடுத்து அதற்குச் சுற்றியிருந்தார். அவர் தலைக்கு ஒன்றுமில்லை.

குருவின் பேர் மரகதம். பவானி ஆற்றோரத் தோப்புக்குள் நாலு ஓட்டு அறை, ஒரு மாடு, ஒரு மோட்டார் ரூம். அவ்வளவுதான் ஆசிரமம். குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டியாச்சு. சீடர் குருவை "சாமி" என்பார். குரு சீடரை "அண்ணா" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

அவினாசியப்பன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறின பஸ்ஸில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தில் பஸ்ஸுக்கு வெளியே இருக்கிறவர்களையும் டிக்கெட் எடுக்காதவர்கள் மாதிரியே பார்ப்பார். இடுப்பு பெல்ட்டில் ஒரு சாவிக்கொத்து. வாசல் கேட், பீரோ, மாடிக் கதவு, பழைய அலமாரி, எல்லாம் அதில். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும்.

குரு மாமரத்தடியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்ண்ணா. பெட்டியோட வந்திருக்கீங்க, இங்கயே தங்கறாப்லயா?"

"வயித்தெரிச்சலைக் கெளப்பாதீங் சாமி. இது கம்ப்யூட்டரு."

பெட்டியைக் கல்மேல் இறக்கி வைத்தார். கையால் முகத்தைத் துடைத்தார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு கேள்வி கேக்கோணுங்."

"கேளுங்க."

"நம்பிக்கையான ஆளுன்னு இந்த லோகத்துல ஒருத்தனாச்சும் இருக்கானுங்களா?"

குரு ஒரு காயை உரித்தார். பருப்பைத் தட்டில் போட்டார்.

"என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

அவினாசியப்பன் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

மருமகள் தாரணிக்கு வீட்டில் இருந்தபடியே வேலை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கட்டடம் கட்டுகிற வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவாள். மகன் சதீஷும் பெங்களூரில்தான், நண்பர்களோடு ஓர் அறையில். தாரணியும் ரெண்டு வயசுப் பேரன் இனியனும் இங்கே. காலையில் இனியன் வந்து தாத்தாவின் வயிற்றில் ஏறி உட்கார்ந்து மீசையை இழுத்தால்தான் அவினாசியப்பனுக்குப் பொழுதே விடியும்.

சரஸ்வதி பூஜை வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. தாரணி வரைந்துகொண்டே இருப்பாள், பொசுக்கென்று நின்றுவிடும். திரை இருட்டாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஓடும். மறுபடி பொசுக்.

"வர்ற திங்கக்கெழமைக்குள்ள ஒரு பெரிய வரைபடம் போய்ச் சேரோணுமுங். போய்ச் சேரலீன்னா, ஊட்டுல இருந்து வேலை பார்த்தது போதும், கெளம்பி ஆபீசுக்கு வான்னுட்டானுங்க. போனா புள்ளையவும் தூக்கிட்டுத்தானுங்களே போவா? பச்சைப் பைய எடுத்து இனியன் துணியெல்லாம் அடுக்க ஆரம்பிச்சுட்டா, சாமி."

கடைசி வார்த்தையில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே இருமி அதைச் சரிக்கட்டினார்.

"கடைக்குக் கொண்டு போனீங்களா?"

"எத்தனை கடைங்கறீங்க! ஈரோட்டுல ஏசி போட்ட கடை. கழுத்துல டை கட்டுனவன் ஒருத்தன். மதர்போர்டு போச்சு, மாத்தோணும்னான். சரி, வேற எடத்துலயும் கேப்போம்னு கோபிக்குப் போனேன். அவன் மதர்போர்டெல்லாம் நல்லா இருக்குது, கரண்டு வாங்கிக் குடுக்கற சாமான்தான் போச்சுன்னு அதைக் கழட்டிப் புதுசு போட்டான். ஊட்டுக்குக் கொண்டாந்தா, பொசுக்! இன்னைக்கு இன்னொருத்தன் வைரஸுங்கறான். உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டுத்தான் சுத்தம் பண்ண முடியுமாம். மருமவ போட்ட படமெல்லாம் அதுலதான் இருக்குது. புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"கடையில ஓடுச்சா?"

"அதுதானுங்களே கொடுமை! கடையில போட்டா கல்லு மாதிரி ஓடுது. டை கட்டுனவன் கடையில ஓடுச்சு. கோபிக் கடையில ஓடுச்சு. வைரஸுக்காரன் கடையில சினிமாப் பாட்டே போட்டுக் காட்டினான். எங்கூட்டு வாசப்படி தாண்டுனா மட்டும் படுத்துக்குது. அதுக்கும் எனக்கும் என்ன சென்மத்துப் பகையோ."

குரு சிரிக்கவில்லை. கூடையில் கை விட்டு இன்னொரு பிடி காய் எடுத்தார்.

"கடைக்குப் போனதும் முதல்ல நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா? நாம வெவரம் தெரியாத ஆளுன்னு கண்டா மொட்டை அடிச்சுப்போடுவானுங்க. அதனால பக்கத்துத் தோட்டத்துக்காரர் மவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டு வெச்சுக்கிட்டேன். உள்ள நொழையும்போதே, 'பூஜை அன்னைக்குக் கரண்டு போயிப் போயி வந்துச்சப்பா, மதர்போர்டு அடி வாங்கியிருக்கும்'னு கெத்தாச் சொன்னேன்."

"அவரும் மதர்போர்டுன்னாரு."

"ஆமாங்."

"கோபியில?"

"மதர்போர்டுன்னு ஈரோட்டுக்காரன் ஏமாத்தப் பாத்தான், நீயாச்சும் நெசத்தைச் சொல்லுன்னேன்."

"அவரு மதர்போர்டு இல்லைன்னாரு."

அவினாசியப்பன் பெட்டிமேல் இருந்த துண்டை அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"மூணாமத்தவருகிட்ட?"

"இது ரெண்டும் இல்லை, வேற என்னமோன்னு சொன்னேனுங்க."

"வேற என்னமோவைச் சொல்லிட்டாரு."

"அப்ப எம்மேல தப்புங்கறீங்களா? நான் காசு குடுத்து, பெட்டியச் சொமந்து, வெயில்ல நின்னு..."

குரு மொச்சைத் தட்டை ஓரமாக வைத்தார். எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். மாடு ஒருமுறை கத்தியது. சமையல் வேலை பார்க்கிற மாராத்தாள் குடத்தோடு போனவள், பெட்டியைப் பார்த்து நின்றாள்.

"என்னங்ண்ணா, கொழந்தைய ஆசுபத்திரிக்குக் கொண்டு போற மாதிரி துண்டெல்லாம் போத்தியிருக்கீங்க?"

"நீ வேலையப் பாத்துட்டுப் போ, அம்மிணி."

குரு திரும்பி வந்தார். இடது கன்னத்தில் கையை அழுத்தி வைத்திருந்தார். முகம் சுருங்கியிருந்தது. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவினாசியப்பனுக்குத் தன் கவலை மறந்துபோனது.

"என்னங் சாமி, பல்லுங்களா?"

"ம்ம்" என்றார் குரு.

"கடவாய்ப் பல்லாத்தான் இருக்கும். கிராம்பு வெச்சு அழுத்துங்க. எங்கூட்டுக்காரிக்கு இப்படித்தான் வந்துச்சு, விட்டுட்டோம், கடைசில புடுங்க வேண்டியதாப் போச்சு."

மாராத்தாள் குடத்தை இறக்கினாள்.

"பல்லு இல்லீங்ண்ணா, இது சூடு. எண்ணெய் தேச்சுக் குளிச்சே மாசமாச்சு சாமி. நான் அப்பவே சொன்னேன்."

"சூட்டுக்கு எவளாச்சும் கன்னம் வீங்கும்பாளா? பாரு, எப்படிப் பொடைச்சிருக்குது! சொத்தைதான். நாளைக்கே கோபிக்குக் கூட்டிட்டுப் போறேன், எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. புடுங்கிப்போட்டாச் சரியாப்போகும்."

"நல்லா இருக்கற பல்லைப் புடுங்கிப்போடுவீங்களாட்ட இருக்குது!"

"உனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கென்னங் தெரியும்?"

குரு கையை எடுத்தார். வாயிலிருந்து ஒரு முழு நெல்லிக்காயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

மாராத்தாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு அவள் சிரிப்பது கேட்டது.

அவினாசியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெளையாடறதுக்கு இதானுங்களா நேரம்? வீக்கந்தான் தெரிஞ்சுதே!"

"தெரிஞ்சுது. நீங்க பாத்தது சரிதான்."

"அப்புறமென்னங்?"

"வாயத் தெறங்கன்னு ரெண்டு பேருல யாரும் கேக்கலீங்களே."

குரு நெல்லிக்காயை மறுபடி வாயில் போட்டுக் கடித்தார். புளிப்பில் ஒரு கண் மூடியது.

காற்றில் மாவிலை ஒன்று பெட்டிமேல் விழுந்தது. அவினாசியப்பன் அதை எடுத்துத் தூரப் போட்டார். பெட்டிமேல் எது விழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

"சரிங். நான் பேசுனது தப்புன்னே வெச்சுக்குவோம். இப்ப நான் யார நம்பறது? அதைச் சொல்லுங்க."

"இத்தனை பேரைப் பாத்தீங்க. எனக்குத் தெரியலைன்னு ஒருத்தருமா சொல்லலை?"

அவினாசியப்பன் யோசித்தார். அப்புறம் ஒரு மாதிரி இழுத்தார்.

"ஒருத்தன் சொன்னானுங். கோபி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பேக்கரி மாடிப்படிக்கு அடியில சின்னதா ஒரு கடை. அன்வருன்னு பேரு. பெட்டியப் போட்டுப் பாத்தான். இங்க நல்லா ஓடுதுங்களே, கோளாறு என்னன்னு எனக்குத் தெரியலீங்கன்னான். தேங்காய்ப் பன்னைத் தின்னுக்கிட்டே சொல்றான், சாமி! ஒரு மட்டு மரியாதை வேண்டாம்?"

"அப்புறம்?"

"ஊட்டுக்கு வந்து, அது இருக்கற எடத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்னான். உனக்கே தெரியலைன்னா நீ எதுக்குடா கடை வெச்சிருக்கேன்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

குரு உரித்த தொலியை எல்லாம் கூட்டி மாட்டுக்குப் போட எழுந்தார்.

"சாமி, பதில் சொல்லலையே?"

"பன்னு தின்னு முடிச்சிருப்பாரு. போங்ண்ணா."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்வர் வந்தார். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். "எதுக்குக் கடை வெச்சிருக்கேன்னு கேட்டீங்களே, இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்" என்று அவினாசியப்பனை மாடிப்படிக்குக் கீழேயே நிற்க வைத்தார். அவினாசியப்பன் நின்றார். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் கடை வாசலில் அவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

அன்வருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கூடத்துக்குள் வந்ததும் பெட்டியைத் தொடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீ இருக்குங்களா?"

"முதல்ல பாரப்பா!"

"பாக்கத்தான் வந்திருக்கேன். நீங்க எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ, அப்படியே ஓட்டுங்க. நான் இருக்கறதா நினைச்சுக்க வேண்டாம்."

அவினாசியப்பனின் மனைவி பாப்பாத்தி டீ கொண்டுவந்தாள். தாரணி வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வரைபடத்தில் இன்னும் பாதி பாக்கி. இனியன் ஒரு கரண்டியோடு வந்து, புதிதாய் வந்தவரின் முழங்காலைத் தட்டிப் பார்த்தான்.

பெட்டியைப் பழைய அலமாரியில், அதன் இடத்தில் வைத்து, பட்டனை அமுக்கினார் அவினாசியப்பன். நீல விளக்கு எரிந்தது. எரிந்ததும், இனியன் கரண்டியைப் போட்டுவிட்டு விளக்கை நோக்கி ஓடினான்.

"டேய், டேய்!"

தாத்தா பேரனைவிட வேகம். அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினார். இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தார். சரியான சாவியைப் பார்க்காமலே விரல் கண்டுபிடித்தது. பூட்டினார். இழுத்துப் பார்த்தார். கொத்து பெல்ட்டுக்குத் திரும்பியது. இனியன் கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

அன்வர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அது என்னங்க?"

"எது?"

"இப்ப பண்ணுனது."

"இவன் அமுக்கிப்போடுவான். நீல லைட்டைக் கண்டா விடவே மாட்டான். சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகம், அரிவாமனை, இந்தப் பெட்டி எல்லாத்தையும் அலமாரிக்குள்ள அடுக்கிச் சந்தனம் வெச்சமுங்களா, மறுநாள் எடுக்கும்போதுதான் தோணுச்சு. இது உள்ளயே இருந்தா இவன் கை படாது, தூசியும் அண்டாது. ஆசாரியைக் கூப்புட்டுப் பின்னால ஒயர் போறதுக்கு ஓட்டை போட்டேன். எங்கப்பாரு காலத்துத் தேக்கு. எறும்பு நொழையாது."

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்வர் டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். டீயைக் குடித்தார். தாரணி வரைந்தாள். பாப்பாத்தி இனியனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பருப்பு சாதம் ஊட்டினாள். மூடின கதவுக்குப் பின்னாலிருந்து, முதலில் மெதுவாக, அப்புறம் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பொசுக்.

திரை இருண்டது. தாரணி இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா? பாத்தியா?" என்றார் அவினாசியப்பன். "நான் சொன்னேனில்ல!"

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

"சரி, நீங்களே தெறங்க."

திறந்தார். முகத்தில் அடுப்பு வாசல் மாதிரி அனல் அடித்தது. பெட்டிமேல் கை வைத்தவர், தோசைக் கல்லைத் தொட்டது போல உதறினார்.

"மூச்சு விட எடமில்லீங்க அதுக்கு" என்றார் அன்வர். "சூடு தாங்காமத் தானா நின்னுக்குது. கடையில தெறந்த வெளியில இருந்துச்சு, ஓடுச்சு. கெட்டது ஒண்ணுமில்ல. வெளிய எடுத்து மேசைமேல வைங்க."

"அவ்வளவுதானா?"

"எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. நின்னா எனக்குத் தெரியாத வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம். மறுபடி வர்றேன்."

அவினாசியப்பனுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டை கட்டினவன் இங்கே இல்லை. வைரஸ்காரனும் இல்லை. அலமாரியை ஓர் உதை விடலாமா என்று நினைத்தார். அப்பா காலத்துத் தேக்கு. கடைசியில் மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மிணி, நாள் முச்சூடும் இதும் முன்னாலதான உக்காந்திருக்கிற? உனக்காச்சும் தோண வேண்டாமா?"

"கேட்டேனுங் மாமா."

"எப்பக் கேட்டே?"

"நீங்க வெச்சுப் பூட்டுன அன்னைக்கே. காத்து போகுமுங்களா மாமான்னு கேட்டேன். பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. எறும்பே போகாது, காத்து எங்க போகும்னு சொல்லிச் சிரிச்சீங்க."

அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"அப்புறம் மறுக்கா சொல்ல வேண்டியதுதான?"

தாரணி எழுந்து ஒயர்களைக் கழற்றினாள். பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைக்க அன்வர் கை கொடுத்தார்.

சமையலறையில் பாப்பாத்தி ஊட்டுகிற சத்தமும் நின்றிருந்தது.

*

அடுத்த வாரம் அவினாசியப்பன் ஆசிரமத்துக்கு வந்தபோது மொபெட்டின் முன்னால் ஒன்றுமில்லை. குரு கிணற்று மேட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்டி எப்படி இருக்குதுங்ண்ணா?"

"ஓடுதுங்க. மேசைமேல வெச்சதுல இருந்து ஒருக்காகூட நிக்கல. திங்கக்கெழமையே படமும் போய்ச் சேந்துருச்சு. கம்பெனிக்காரன் ஊட்டுல இருந்தே பாருன்னுட்டான். இனியன் நீல லைட்டை ரெண்டு தடவை அமுக்கினான். அப்புறம் அவனுக்கே சலிச்சுப்போச்சு, கரண்டிக்குப் போயிட்டான்."

"நல்லதுங்க."

குரு ஒரு சேலையை உதறினார். அவினாசியப்பன் போகவில்லை. கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பச்சைப் பைய இன்னும் பிரிக்கலீங்க, சாமி."

குரு திரும்பிப் பார்த்தார்.

"படம் போய்ச் சேந்துருச்சு, வேலையும் இருக்குது, அப்புறம் எதுக்கு அந்தப் பை அப்படியே நிக்குதுன்னு புரியல. கேட்டா, 'இருக்கட்டுங் மாமா'ங்கறா. எனக்கென்னவோ சதீஷு ஏதோ சொல்லியிருப்பான்னு தோணுது. அவன் போன் பண்ணுனா ரூமுக்குள்ள போயிப் பேசறா. இல்லீன்னா தாரணியோட அம்மா வேலை. போன மாசம் வந்துட்டுப் போனவங்கதான் கெளப்பி விட்டிருக்கோணும். இல்லீன்னா மாடிப்படிய வடக்குப் பக்கம் வெச்சமுங்களே, அப்பவே ஒருத்தரு சொன்னாரு, ஊட்டுல தங்காதுன்னு..."

நடுவில் நின்றுவிட்டார்.

குரு சேலையைக் கொடியில் விரித்தார். ஈரச் சேலையிலிருந்து தண்ணீர் கல்லில் சொட்டியது.

"தெரியலீங்க" என்றார் அவினாசியப்பன்.

அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னபிறகு, டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"இங்க வந்து உங்க முன்னால நின்னா மனசு தெப்பக்கொளமாட்டம் இருக்குது, சாமி. நானா கோபக்காரன்னு எனக்கே சந்தேகம் வருது. ஊட்டுக்குப் போன ஒரு மணி நேரத்துல காந்த ஆரம்பிச்சுருது. யாரைக் கண்டாலும் வள்ளுன்னு உழுகறேன். அப்புறம் யாரும் எங்கிட்டப் பேசறதில்ல. மூணு வருசமா உங்ககிட்ட ஒரு மந்திரம் கேட்டுட்டு இருக்கேன். பாக்கலாங்ண்ணா, பாக்கலாங்ண்ணான்னே சொல்றீங்க. மத்த ஆசிரமத்துல எல்லாம் போன அன்னைக்கே காதுல சொல்லி அனுப்பிச்சாங்க. எங்கிட்ட என்னதானுங் கோளாறு? இன்னைக்காச்சும் சொல்லுங்க."

குரு கடைசித் துணியையும் கொடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியலீங்களேண்ணா" என்றார். "நாளைக்குக் காலையில உங்க ஊட்டுக்கு வர்றேன். நான் வர்றேன்னு எதையும் ஒதுங்க வைக்காதீங்க. எப்பவும் எப்படி இருப்பீங்களோ, அப்படியே இருங்க."